பேட் எத்தனை மில்லிமீட்டர்? பில்லில் எழுதுங்கள்

என் மேசைமேல் இரண்டு பழைய பிரேக் பேடுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே சக்கரத்தில், ஒரே டிஸ்க்கின் இரு பக்கமும் இருந்தவை. ஒன்றில் உராயும் பொருள் இன்னும் 6 மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. மற்றொன்றில் ஒன்றரை மில்லிமீட்டர். அதன் கீழ் ஓரத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நகத்தால் சுரண்டினால் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு தட்டுப்படுகிறது. இந்த நிலையில்தான் சக ஆசிரியைகள் இருவரை ஏற்றிக்கொண்டு, தினமும் மாலையில் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நான் சேந்தமங்கலத்தில் குடியிருக்கிறேன். மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் சோளக்காடு வரை வளைவுக்கு மேல் வளைவுதான். வண்டி ஒன்பது வருஷம் ஓடிய சிறிய கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சர்வீஸ் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. பில்களையெல்லாம் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு பில்களிலும் 'பிரேக் கிளீனிங் அண்ட் கிரீஸிங்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தனியாகப் பணமும் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில், இறக்கத்தில் இடது முன்சக்கரத்தில் இருந்து மெல்லிய சீழ்க்கைச் சத்தம் வர ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அரைமணி நேரம் கழித்து வந்து, "டிஸ்க், பேட் எல்லாம் மாத்தணும் மேடம், 11,400 ஆகும்" என்றார்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் போயிருச்சு மேடம்." எல்லாம் என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று திரும்பக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கழற்றிய சக்கரத்தைப் பார்க்கிறேன் என்றேன். வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது என்ற பலகையைக் காட்டினார்கள்.

அவர்கள் சொன்ன தொகை நியாயமா இல்லையா என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் வண்டியின் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்பது எனக்கே தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது. வகுப்பில் பிள்ளைகளிடம், அளக்காமல் சொல்லாதே என்று நாள் தவறாமல் சொல்கிறவள் நான்.

எங்கள் தெருவில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார். நாமக்கல் பட்டறைகளில் முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவர். அவரிடம் போய்ச் சொன்னேன். "டீச்சரம்மா, நானு பண்ணித் தர மாட்டனுங்க. நீங்களே பண்ணுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். மறுநாளில் இருந்து காரை வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் மலையேறினேன். முதல் சனிக்கிழமை காலையில் டிஸ்க் ஒரு ஜோடி, பேட் ஒரு செட், பிரேக் கிளீனர் ஒரு டப்பா, பின்னுக்குப் போடும் சிலிக்கான் கிரீஸ் ஒரு பாக்கெட் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 5,300 ரூபாய். பேட் பெட்டியில் நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொன்னது அவர்தான். போலிப் பெட்டிகள் கடைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. பிரேக்கில் போலி என்பது கொலைபாதகம்.

வாசலில் சமதளமான சிமென்ட் தரை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி ஏற்றினேன். ஏற்றியதும் ஸ்டாண்ட் கொடுத்தாக வேண்டும் என்றார். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்து கையை இழந்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.

சக்கரத்தைக் கழற்றியதும் எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவுதானா என்பது. கையகல இரும்பு வட்டம், அதைக் கவ்வியிருக்கும் காலிப்பர், உள்ளே இரண்டு பேடுகள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பாஸ்கல் விதி இருக்கிறது. அழுத்தம் பாய்மத்தின் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று எத்தனையோ பிரிவுகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்த விதி வேலை செய்யும் இடத்தில் கைவைத்தது அன்றுதான் முதல் முறை.

காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்க வேண்டும். வலதுபக்கம் சுலபமாக வந்தது. இடதுபக்கம் அசையவில்லை. அண்ணன் எழுந்து வந்து விரலால் தட்டிப் பார்த்து, "பின்னு புடிச்சுக்கிச்சுங்க" என்றார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் காலிப்பருக்குள் பிஸ்டன் ஒன்றே ஒன்று, உள்பக்கம் மட்டும். அது உள்பேடை நேராக டிஸ்க்கில் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு வழுக்குப் பின்களின்மேல் நகர்ந்து, வெளிப்பேடை மறுபக்கத்தில் இருந்து அழுத்தும். பின்கள் கிரீஸ் காய்ந்து துருவேறி இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பேட் மட்டும் உழைக்கும். வெளிப்பேட் பெயருக்கு இருக்கும். என் மேசைமேல் இருக்கும் இரண்டு பேடுகளும் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன.

அந்தப் பின்னை இடுக்கியால் பிடித்துத் திருகித் திருகி, கால்மணி நேரம் போராடி வெளியே எடுத்தேன். பாதி நீளத்துக்குப் பழுப்புத் துரு. கிரீஸ் இருந்ததற்கு அடையாளமாகக் கறுப்பாக ஒரு காய்ந்த பொருக்கு. ரப்பர் உறையின் ஓரம் கிழிந்திருந்தது. அதன் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ வந்த துரு அல்ல அது. இரண்டு பில்களில் 'கிரீஸிங்' என்று எழுதி என்னிடம் பணம் வாங்கியபோது இந்தப் பின்னை யாரும் தொடவே இல்லை. ஒரு பின்னை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவிப் போட எனக்கே பத்து நிமிஷம்தான் ஆனது.

அடுத்து டிஸ்க். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஆய்வகத்து வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் கொண்டுவந்திருந்தேன். வெர்னியரை வைத்துப் பார்த்தபோது 19.8 மில்லிமீட்டர் என்று காட்டியது. டிஸ்க்கில் பதித்திருந்த குறைந்தபட்ச அளவு 18. அப்படியானால் டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது, சும்மா மாற்றச் சொல்கிறார்களா என்று ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது. அண்ணன் டிஸ்க்கின் விளிம்பில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். வரப்பு மாதிரி ஒரு மேடு. பேட் படாத ஓரம் தேயாமல் அப்படியே நிற்கிறது. வெர்னியரின் தாடை அந்த வரப்பைத்தான் அளந்திருக்கிறது. திருகு அளவியை வரப்பைத் தாண்டி உள்ளே, பேட் உரசும் தடத்தில் வைத்து அளந்தேன். 17.4. வலது டிஸ்க் 18.1. புது டிஸ்க்குக்கும் தூக்கிப் போட வேண்டிய டிஸ்க்குக்கும் நடுவே என் காரில் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பல சிறிய கார்களில் ஏறத்தாழ அப்படித்தான். கண்ணால் பார்த்து 'போயிருச்சு' என்றோ 'இன்னும் ஓடும்' என்றோ சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது விளங்கியது. லேத்தில் கொடுத்துக் கடைந்தால் சமமாகிவிடாதா என்று கேட்டேன். "ஏற்கெனவே கொறஞ்சதைக் கடைஞ்சா இன்னுங் கொறையுமுங்க" என்றார். தேய்மானம் எல்லையைத் தாண்டிய டிஸ்க் சூட்டைத் தாங்காது, வெடிப்பு விடும். முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒருபக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

ஆக, மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் சொன்னது சரியே. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பின் இறுகியதை அவர்கள் சொல்லவில்லை. பின்னைக் கவனிக்காமல் புதுப் பேட் போட்டிருந்தால் அதுவும் அதே மாதிரி ஒருபக்கம் தேய்ந்திருக்கும்.

பழைய டிஸ்க் துருவில் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலை எடுக்கப் போனேன். டிஸ்க்கின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தன. அவற்றில் இரண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி அரைச்சுற்று இறுக்கச் சொன்னார். டக்கென்று ஒரு சத்தம். டிஸ்க் தானாகக் கழன்று கைக்கு வந்தது. ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்தேன். அங்கே ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் புது டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து, பிரேக்கை மிதிக்கும்போது பெடல் அதிரும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டி வைத்தேன். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து, சி-கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன். மற்றபடி மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புத் தூசி அப்பியிருந்தது. வாயால் ஊதப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் வேலை பார்த்த காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பட்டறையில் ஏர் அடித்துத்தான் சுத்தம் செய்வார்கள், அந்தப் புகைமூட்டத்திலேயே டீ குடிப்பார்கள். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேடுகள் வந்துவிட்டன. ஆனாலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை நம் நாடு இன்னும் தடை செய்யவில்லை. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தூசியை மூச்சிழுக்கும் பையனுக்குத் தெரியாது. ஈரத்துணியாலோ கிளீனராலோ துடைக்க ஐந்து நிமிஷம் கூடுதலாகும். பட்டறை முதலாளிகள் அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அண்ணன் கார்ச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "முதல்ல பெடலை மிதிங்க" என்றார். மிதித்தேன். கால் தரைவரை போனது, பிரேக்கே இல்லை. இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. ஐந்தாவதில்தான் பெடல் கல்லாக நின்றது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டதால், அது மறுபடி வெளியே வந்து பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது. இதை அறியாமல் வண்டியைக் கிளப்பினால் எதிரே இருக்கும் சுவர்தான் பிரேக். சாவி என் கைக்கு வந்தது அதற்குப் பிறகு. சேந்தமங்கலம் ரோட்டில் ஐம்பதில் போய் இருபதுக்குக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், பத்து முறை அப்படிச் செய்து புதுப் பேடைப் பதப்படுத்தினேன்.

பிரேக் ஆயில் ஹோஸையும் காற்று எடுக்கும் வேலையையும் நான் தொடவில்லை. பழகியவர் கையில் விட வேண்டிய வேலை அது. ஆயிலை மாற்றச் சொல்லி மட்டும் கேட்டு வாங்கினேன். அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரகத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி; ஈரம் ஏறினால் தர அளவின்படியே 140 வரை இறங்கலாம். கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சாகிவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நிறுத்த ஏறத்தாழ 1,67,000 ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோகும் சூடு அது. அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் ஜூல். அதாவது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை எழுபது முறை நிறுத்துவதற்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது இதனால்தான். நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவும் அந்த நாலு பேடுகளின் தலையிலும் பின்னால் இருக்கும் டிரம்களின் தலையிலும்தான் விழும்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் வேலை பார்த்த லாரிகளை எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருஷா வருஷமும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்ட வேண்டும். என் மாதிரி சொந்தக் கார் வைத்திருப்பவருக்குப் பதிவு 15 வருஷம். அந்தப் பதினைந்து வருஷமும் எந்த அரசு அலுவலரும் என் பிரேக்கைப் பார்ப்பதில்லை. பார்ப்பது சர்வீஸ் சென்டர் மட்டும்தான். அங்கே நான் உள்ளே போக முடியாது. வெளியே வருவது, 'பிரேக் கிளீனிங்' என்ற இரண்டு வார்த்தைகள்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றம். மேல்முறையீடுகள் நடந்தன. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல முயற்சிதான். ஆனால் பாகமும் கையேடும் கிடைத்தால் போதாது. நூறில் தொண்ணூறு பேர் சக்கரத்தைத் தாங்களே கழற்றப் போவதில்லை, கழற்றவும் வேண்டாம். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இல்லாமல், செல்போன் வீடியோவை மட்டும் நம்பிப் பிரேக்கில் கைவைக்காதீர்கள் என்றே நானும் சொல்வேன்.

அவர்களுக்குத் தேவை, பில்லில் ஆறு எண்கள். இடது உள்பேட், இடது வெளிப்பேட், வலது உள்பேட், வலது வெளிப்பேட், இரண்டு டிஸ்க்குகள். எத்தனை மில்லிமீட்டர், அனுமதிக்கும் குறைந்தபட்சம் எத்தனை. சக்கரம் கழன்றிருக்கும்போது அளக்க ஒரு நிமிஷம். எண் எழுத வேண்டும் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். ஓர் உள்பேட் 2, அதன் வெளிப்பேட் 6 என்று எழுதும் கை, பின் இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கேட்காமலே கையில் கொடுக்க வேண்டும். போக்குவரத்துத் துறை இதை ஒரு சுற்றறிக்கையில் கட்டாயமாக்கலாம். மலைமாவட்டங்களில் இருந்தாவது ஆரம்பிக்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, வேலைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: நாலு பேடும் இரண்டு டிஸ்க்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பில்லில் எழுதித் தருவீர்களா? எழுதித் தந்தால் வண்டியை விடுங்கள். முடியாது என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.